காலணாவும் நாலணாவும்: மயிலாப்பூர்ப் பள்ளி நினைவுகளைக் காலம் கணிப்பது குறித்து

மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரப் பள்ளி நினைவுகளை வரலாற்றுச் சான்றாகக் கையாளும் எழுத்துகளில் ஒரு வழக்கம் கேள்வியே இல்லாமல் நிலைபெற்றுவிட்டது. நினைவுக் கட்டுரையில் அணா வந்தால் அதிலுள்ள நிகழ்ச்சி 1957க்கு முந்தையது. பைசா வந்தால் பிந்தையது. பொன்விழா மலர்களிலும் வார இதழ்களிலும் வந்த நினைவுகளை வரிசைப்படுத்த இது எளிய கருவி. ஒருவர் கையாண்டதை அடுத்தவர் எடுத்துக்கொள்ள, வசதிக்காக வந்த கருவி இன்று நிறுவப்பட்ட முடிவுபோல் நிற்கிறது. இக்கட்டுரை அதை மறுக்கிறது. அணாக் கணக்கில் பல காசுகள் இருந்தன. அவற்றுள் சில புதுக் காசு வந்த சில ஆண்டுகளில் மறைந்தன. சில அதன்பின் ஒரு தலைமுறைக்கும் மேலாக மக்கள் வாயில் புழங்கின. இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் 1960களின் பள்ளி வாசல் பல இடங்களில் 1940களுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது.

இது வெறும் நாணயவியல் நுணுக்கம் அன்று. பி.எஸ். உயர்நிலைப் பள்ளியிலோ லேடி சிவசாமி ஐயர் பெண்கள் பள்ளியிலோ தி.நகர் ராமகிருஷ்ணா மிஷன் பள்ளிகளிலோ படித்தவர்கள் முதுமையில் எழுதும்போது ஆண்டு குறிப்பது அரிது. மூன்றாம் வகுப்பில், முழுப் பரீட்சை லீவில், அறுபத்து மூவருக்கு முதல்நாள் என்றுதான் எழுதுவார்கள். ஆண்டைத் தருவது ஆய்வாளரே. அப்படித் தரப்படும் ஆண்டு தவறினால் அந்த நினைவு இன்னொரு காலத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து படித்தோம், யாரும் வித்தியாசம் பார்க்கவில்லை என்ற கூற்று இம்மலர்களில் அடிக்கடி வருவது. இது 1960களைச் சேர்ந்ததானால் அதன் பொருள் ஒன்று. காமராஜர் ஆட்சியில் பள்ளிகள் பெருகி, 1956 முதல் மதிய உணவு பரவி, சம்பளச் சலுகைகளும் கூடிவந்த பிறகு வகுப்பறைக்குள் யார் இருந்தார்கள் என்பது மாறிவிட்டது. அதே கூற்றை 1940களில் வைத்தால், சுதந்திரத்துக்கு முன்பே மயிலாப்பூர் வகுப்பறை எல்லாருக்கும் திறந்திருந்தது என்ற தோற்றம் எழுகிறது. அந்தத் தோற்றத்தைச் சிலர் வரலாறாகவே எழுதியிருக்கிறார்கள். அதன் அடித்தளம் ஒரு நாணயத்தைத் தவறாகப் படித்தது என்பதுதான் என்னைக் கவலைகொள்ளச் செய்கிறது.

முதலில் மாற்று அட்டவணையைப் பார்ப்போம். 1955ஆம் ஆண்டு நாணயத் திருத்தச் சட்டத்தின்படி 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா நடைமுறைக்கு வந்தது. ரூபாய்க்கு 16 அணா, 64 காலணா, 192 தம்பிடி என்றிருந்த கணக்கு ரூபாய்க்கு 100 நயா பைசா ஆயிற்று. ஓரணா சரியாக 6.25 நயா பைசா, காலணா 1.5625. இந்தப் பின்னங்களைக் கையில் கொடுக்க முடியாது. எனவே பாதியோ அதற்குக் குறைவோ ஆன பின்னத்தைத் தள்ளிவிட வேண்டும், பாதிக்கு மேற்பட்டதை ஒன்றாக்க வேண்டும் என்று விதி வைத்து அட்டவணை வெளியிட்டார்கள். அதன்படி காலணா 2, அரையணா 3, முக்காலணா 5, ஓரணா 6, இரண்டணா 12, மூன்றணா 19. நாலணா மட்டுமே மிச்சமின்றி 25. அதன் மடங்குகளான எட்டணா 50, பன்னிரண்டணா 75.

அணாவைக் கால அடையாளமாகக் கொள்வோர் இந்த அட்டவணையை ஒரு நாள் மாற்றத்தின் ஆவணமாக மட்டும் பார்க்கிறார்கள்: பழையது போயிற்று, புதியது வந்தது. அட்டவணை சொல்வது வேறு என்றே எனக்குப் படுகிறது. அதில் இரண்டு வகைக் காசுகள் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. நாலணாவும் எட்டணாவும் புதுக் கணக்கில் தமக்குச் சரியான இடத்தைப் பெற்றன; 25 பைசாவும் 50 பைசாவும் அவற்றின் பெயரையே ஏற்றுக்கொண்டன. காலணா, அரையணா, ஓரணாவுக்கு அப்படி இடம் கிடைக்கவில்லை. ஓரணாவுக்கு ஈடாக 6 பைசா என்று தனி நாணயம் எதுவும் அடிக்கப்படவில்லை. 1, 2, 5, 10 என்றுதான் சில்லறை வந்தது. பெயரைத் தாங்கிக்கொள்ள உலோகம் இல்லாதபோது பெயர் நிற்காது. பழைய காசும் புதுக் காசும் சேர்ந்து புழங்கிய சில ஆண்டுகள் கழிந்ததும் காலணா பேச்சிலிருந்து விலகி, ஒன்றுக்கும் உதவாததைச் சொல்லும் வசையாக மட்டும் மிஞ்சியது. நாலணாவோ 1964 ஜூனில் 'நயா' என்ற சொல் நீக்கப்பட்ட பிறகும், 1970களிலும் 1980களிலும் பஸ்ஸிலும் மளிகைக் கடையிலும் தயக்கமின்றிச் சொல்லப்பட்டது. 25 பைசா நாணயம் 2011 ஜூன் இறுதியில்தான் செல்லாததாயிற்று.

ஆகவே ஒரு நினைவில் நாலணா வருவது காலம் எதையும் காட்டுவதில்லை. அதை எழுதியவர் 1944இல் பத்து வயதுச் சிறுவனாக இருந்திருக்கலாம், 1974இலும் இருந்திருக்கலாம். காலணாவும் ஓரணாவும் வருவது மட்டுமே காலத்துக்கு ஒரு மேல் எல்லையைத் தருகிறது. இரண்டணா இடைப்பட்டது, அதை வைத்து எதுவும் முடிவு செய்யாமலிருப்பதே நல்லது.

கீழ் எல்லைக்கு வருகிறேன். இங்கேதான் இந்நினைவுகள் பலரும் நினைப்பதைவிட நம்பத்தக்கவை. விலை மறந்துபோகும், ஆண்டு குழம்பும். காசின் உருவம் மட்டும் கையிலேயே தங்கிவிடுகிறது. போர்க்காலத்தில் செம்புத் தட்டுப்பாட்டால் 1943 முதல் 1947 வரை நடுவே துளையிட்ட காலணா அடிக்கப்பட்டது. ஓட்டைக் காலணாவைக் கயிற்றில் கோத்ததாக ஒருவர் எழுதினால் அந்நினைவு 1943க்கு முன் போகாது. குடியரசான ஆண்டில், 1950இல், புதுக் காலணாவில் குதிரையும் ஓரணாவில் காளையும் வந்தன. குதிரைக் காசு நினைவில் இருந்தால் அது 1950க்கும் 1950களின் இறுதிக்கும் இடைப்பட்டது. அரையணாவும் இரண்டணாவும் சதுரம், ஓரணாவின் விளிம்பு வளைவு வளைவாக இருக்கும். இருட்டில் தடவிப் பார்த்தே எது எது என்று சொல்லிவிடலாம். ஆறு மூலை மூன்று பைசா என்றால் அது 1964க்குப் பிந்தையது. குழந்தையின் விரல்கள் தந்திருக்கும் இந்தக் குறிப்புகளை அலங்காரம் என்று தாண்டிப்போனதைத்தான் முந்தைய ஆய்வுகளின் பெரிய இழப்பாகக் கருதுகிறேன்.

இந்த அளவுகோல் சரிதானா என்று பார்க்க வேறு சான்றுகள் உண்டு. டிராம் 1953 ஏப்ரலில் நின்றது. மயிலாப்பூர் டிராமும் காலணாவும் ஒரே நினைவில் வந்தால் அவை ஒன்றை ஒன்று தாங்குகின்றன. டிராமும் மூன்று பைசாவும் சேர்ந்து வந்தால் ஏதோ ஒன்று பெற்றோர் சொல்லக் கேட்டது. உருவத்தோடு வருவதையே சொந்த நினைவாகக் கொள்ள வேண்டும். ரேஷன் அரிசி நினைவுக்கு 1952 ஜூன் ஒரு வரம்பு. ராஜாஜி அரசு உணவுக் கட்டுப்பாட்டை அப்போது விலக்கிக்கொண்டது. வீசை, பலம், சேர் எல்லாம் 1958 அக்டோபருக்குப் பின் படிப்படியாகக் கிலோவுக்கு வழிவிட்டன; ஆனால் படியும் ஆழாக்கும் நாலணாவைப் போலவே வீடுகளில் நெடுங்காலம் நின்றன என்பதை மறக்கக் கூடாது. மயிலாப்பூர் வித்யா மந்திர் 1956இல் தொடங்கியது. அதன் முதல் மாணவர்கள் தங்கள் பள்ளி வாழ்வில் பழைய காசைத் தனியாகப் பார்த்தது ஏறத்தாழ ஓராண்டுதான். அப்பள்ளியில் படித்த ஒருவர் பள்ளிக்காலம் முழுக்க நாலணாவாகவே எழுதினால் அதை 1940களுக்குரிய நினைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், பள்ளியின் பெயர் காப்பாற்றுகிறது. பள்ளியின் பெயர் சொல்லாத நினைவுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

பிரிட்டனில் இதே சிக்கல் நம்மைவிடப் பதினான்கு ஆண்டு பிந்தி வந்தது. அங்கே பத்தின் மடங்குக் கணக்கு 1971 பிப்ரவரி 15இல் நடைமுறைக்கு வந்தபோது ஷில்லிங் நாணயம் 5 பென்னியாகவும் ஃபுளோரின் 10 பென்னியாகவும் தொடர்ந்து செல்லுபடியாயின. ஃபார்த்திங் மட்டும் 1960 முடிவிலேயே போய்விட்டது. எனவே அவர்களுடைய பள்ளி நினைவுகளிலும் ஃபார்த்திங் மிட்டாய் காலத்தைக் காட்டுகிறது, ஷில்லிங் காட்டுவதில்லை. அங்கே மிட்டாய்க்கு இருந்த ரேஷன் 1953 பிப்ரவரியில் நீங்கியது. நம் ரேஷன் வரம்பைப் போலவே அதுவும் பயன்படும். இரண்டு நாடுகளிலும் ஒரே விதி செல்கிறது. மிகச் சிறிய காசே நல்ல சாட்சி, ஏனெனில் அது தான் செத்ததை மறைப்பதில்லை.

இனி விலைகளின் பொருள். அந்தக் காலத்தில் எல்லாம் மலிவு என்ற நடுத்தர வர்க்கப் புலம்பலே இவ்விலை நினைவுகள் என்று ஒரு வாசிப்பு உண்டு. பெரியவர்களின் நினைவுகளுக்கு அது பொருந்தலாம். வீட்டு வாடகையையும் பவுன் விலையையும் பற்றி எழுதும்போது அது புலம்பல்தான். ஆனால் பள்ளி வாசல் நினைவுகளில் வருவது விலையே அன்று என்பது என் துணிபு. இலந்தைப் பழமும் நெல்லிக்காயும் மிளகாய்ப்பொடி தடவிய மாங்காய்ப் பத்தையும் கமர்கட்டும் இன்ன விலை என்று எந்தக் குழந்தைக்கும் தெரியாது. கையிலிருந்த காசு என்ன என்பதுதான் தெரியும். அதைக் கொடுத்தால் வாசல் கிழவி கை கொள்ளும் அளவு அள்ளிப் போடுவாள். காலணாவுக்கு ஒரு கை என்ற வாக்கியத்தில் காலணா என்பது குழந்தைக்கு வீடு கொடுத்த உரிமையின் அளவு. மயிலாப்பூரின் ஆசாரமான வீடுகளில் வெளியில் வாங்கித் தின்பது தடை. டிபன் பாக்ஸில் கட்டிக் கொடுத்ததைத்தான் தின்ன வேண்டும். அங்கே காசு கையில் வந்ததே ஒரு மீறல். அதனால்தான் அந்தக் காசின் துளையும் குதிரையும் எழுபது வயதிலும் மறக்கவில்லை.

இப்படிப் படித்தால் மாற்று அட்டவணையின் இன்னொரு விளைவும் புலப்படும். காலணா 2 பைசாவானால் சிறு வியாபாரத்தில் விலை ஒரே நாளில் 28 விழுக்காடு ஏறுகிறது. ரூபாய் பெறுமானத்துக்குக் காலணா காலணாவாக விற்றால் 128 பைசா வருகிறது. ஓரணா ஓரணாவாக விற்றால் 96தான். வாசலில் உட்கார்ந்து விற்பவர் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்ல வேண்டியதில்லை. அல்லது 1 பைசாவுக்கு இறங்கி, கை நிறையப் போடுவதைச் சுருக்கியிருப்பார். அதன்பின் வந்த நினைவுகளில் குழந்தையின் காசு அஞ்சு பைசா. அது ஓரணாவைவிடக் குறைவு, காலணாவைவிட மூன்று மடங்குக்கும் மேல். பள்ளிக் குழந்தை கையாண்ட மிகச் சிறிய உரிமை ஒரேயடியாகப் பெரிதாயிற்று. 1957க்குப் பின் வாசல் தின்பண்ட நினைவுகளில் தயக்கமும் ஒளிவும் குறைவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல நான் முன்வரவில்லை. ஆனால் வேறு விளக்கம் எதுவும் இதைவிடப் பொருந்துவதாகத் தெரியவில்லை.

எதிர்வாதங்கள் இரண்டு. முதுமையில் எழுதுபவர் வசதிக்காகப் பைசாவை அணாவாக்கி எழுதக்கூடாதா என்று கேட்கலாம். எழுதலாம், ஆனால் அப்படி மாற்றுபவர் நாலணா, எட்டணா என்றுதான் மாற்றுவார். 2 பைசாவை யாரும் ஓட்டைக் காலணாவாக்க மாட்டார்கள். இரண்டாவது, இவற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் மேல்சாதி, நடுத்தர வீட்டுப் பிள்ளைகள். மாநகராட்சிப் பள்ளிகளிலும் கடற்கரைக் குப்பங்களிலும் வளர்ந்தவர்களின் குரல் மலர்களில் இல்லை. இது முழுக்க உண்மை. அதனாலேயே காலக் கணிப்பு இன்னும் கறாராக இருக்க வேண்டும். யாருடைய நினைவு எந்தப் பத்தாண்டுக்குரியது என்று பிரித்தால்தான், அந்த வகுப்பறையில் அப்போது யார் இல்லை என்பதையும் கேட்க முடியும்.

மலர்களை மறுபதிப்பு செய்யும்போது காலணா, அரையணாவைத் 'திருத்தி' ரூபாய்–பைசாவாக மாற்றும் பழக்கம் பரவுமானால், கட்டுரையின் ஒரே தேதி முத்திரை அழிந்துபோகும்; பதிப்பாளர்கள் மூலத்தை அப்படியே விட வேண்டும். நேர்காணல் எடுப்போருக்கும் ஒரு வேண்டுகோள். 1950இல் எட்டு வயதாக இருந்தவர் இன்று எண்பதைத் தாண்டியவர். அவரிடம் அது எந்த வருஷம், மாமா என்று கேட்டால் அவர் யோசித்து ஏதோ ஓர் எண்ணைச் சொல்வார், அது பெரும்பாலும் நாம் எதிர்பார்க்கும் எண்ணாகவே இருக்கும். காசு வட்டமா சதுரமா, நடுவில் ஓட்டை இருந்ததா, குதிரை இருந்ததா, யார் கொடுத்தார்கள், வீட்டில் தெரியுமா என்று கேட்க வேண்டும்.