பொருந்தாத பிடங்கு

வவுணதீவில் என் தாய்வழிப் பாட்டனாரின் வீட்டில், நெல்மூடைகள் அடுக்கும் அறையின் மூலையில், ஏறத்தாழ ஒன்றேகால் அடி நீளமான மரக்கட்டையொன்று நெடுங்காலம் கிடந்தது. ஒடுங்கிய கழுத்தும் அகன்ற அடியும் கொண்ட அக்கட்டை ஒரு துவக்கின் பிடங்கு என்பதை நான் அறிந்துகொண்டது சற்றே வளர்ந்த பின்னராகும். பிடங்கு இருந்தது, துவக்கு இருக்கவில்லை. இரும்பு வந்து அமரவேண்டிய குழியிலிருந்து பின்னோக்கி, விரல் நீளத்திற்கு ஒரு வெடிப்பு அதில் ஓடியிருந்தது.

எழுவான்கரையிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து வருவோருக்குப் படுவான்கரையின் வாயிலாக அமைவது வவுணதீவு. வாவிக்கு மேற்கே வயலும், வயலுக்கு அப்பால் காடுமாக விரியும் அந்நிலப்பரப்பில், விளைந்த பயிரைப் பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் காப்பது கமக்காரனின் ஓயாத கவலை. பாட்டனாரின் துவக்கும் வயற்காவலுக்கெனப் பெறப்பட்டதே. அது சீமையிலிருந்து வந்த ஒற்றைக்குழல் துவக்கு. வால்நட் மரத்தாலான அதன் மூலப் பிடங்கு ஒருமுறை வண்டியிலிருந்து விழுந்து கழுத்தில் முறிந்தது. ஊர்த் தச்சர் ஒருவர் முதிரை மரத்தில் புதியதொன்று செய்து பூட்டினார். ஆறேழு வெடிகளில் அது பிளந்தது. அவரே இரண்டாவதாக ஒன்று செய்தார், அது பொருந்தியது. 1980களின் நடுப்பகுதியில் துவக்கு வீட்டைவிட்டுப் போனபோது அந்த இரண்டாவது பிடங்கும் அதனுடன் போயிற்று. எவ்வாறு போயிற்று என்பதைப் பாட்டனார் ஒருபோதும் சொன்னதில்லை. எஞ்சியது, பொருந்தாமற்போன முதற் கட்டை மட்டுமே.

படைக்கலங்களின் வரலாறு பெரும்பாலும் குழலின் வரலாறாகவும் மருந்தின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த நாட்டில் வார்த்தது, எத்துணைத் தூரம் சுடும், எந்தப் போரில் வென்றது என்பனவே ஆய்வாளர் கேட்ட வினாக்கள். ஆனால் இரும்பு கடல் கடந்து வந்த இடங்களிலெல்லாம் அதனை மனித உடலோடு இணைத்தது மரமே. அம்மரத்தை இழைத்தவன் பெரும்பாலும் உள்ளூர்க் கைவினைஞன். அவனுடைய பெயர் ஆவணங்களில் இல்லை. அவனுடைய அறிவையேனும் நாம் தேடிப் பார்க்கலாகாதா?

ஈழத்தில் இத்தேடலுக்குச் சான்றுகள் இல்லாமலில்லை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் கொழும்பில் வந்திறங்கியபோது அவர்தம் பீரங்கி முழக்கம் மக்களை அதிரவைத்ததை இராஜாவலிய பதிவுசெய்கின்றது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் நிலை தலைகீழாயிற்று. 1596இல் வெளியான தமது பயண நூலில் ஒல்லாந்தரான லின்ஸ்கோட்டன், சிங்களக் கம்மியர் செய்யும் துப்பாக்கிக் குழல்களின் அழகையும் மெருகையும் வியந்து பாராட்டினார். மட்டக்களப்பும் இவ்வரலாற்றின் ஓரத்தில் நின்றதன்று. 1602இல் ஸ்பில்பேர்கன் தலைமையில் ஒல்லாந்தக் கப்பல்கள் இக்கரையை அடைந்தன; 1628இல் புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர்; 1638இல் அது ஒல்லாந்தர் கைக்கு மாறியது. துவக்கு என நாம் இன்றும் வழங்கும் சொல்லும் சிங்களத்தின் துவக்குவ என்பதும், தமிழகத்தார் கூறும் துப்பாக்கியும் துருக்கி மொழிச் சொல்லொன்றின் வழிவந்த உறவினர் என்பர். பொருளோடு பெயரும் கடல் கடந்தது.

கண்டி அரசின் துவக்குகளுள் சில இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. அவற்றின் பிடங்கு இரண்டாகப் பிளந்து சுருண்ட அமைப்புடையது; விசைப்பொறி பெரும்பாலும் இடப்பக்கத்தில் பொருத்தப்பட்டிருக்கும். ஐரோப்பியத் துவக்கு எதிலும் இத்தோற்றத்தைக் காண்பதரிது. பொறியின் மூலவடிவம் போர்த்துக்கேயரிடமிருந்து வந்ததாயினும், அதனைத் தாங்கிய மரம் வேறொரு மரபில் உருவாயிற்று. தந்தமும் வெள்ளியும் பதித்த இவ்வேலைப்பாட்டை வெறும் அலங்காரமெனக் கொள்வது தவறு. கொல்லனும் தச்சனும் தந்தச் சிற்பியும் ஒரே பொருளின்மீது அடுத்தடுத்துக் கைவைத்து, ஒருவர் வேலையை மற்றவர் கெடுக்காவண்ணம் முடித்த கூட்டுத்தொழில் அது. 1765இல் ஒல்லாந்தர் கண்டியைச் சூறையாடிக் கொண்டுபோன பொருள்களுள் ஆறினை 2023இல் நெதர்லாந்து இலங்கைக்குத் திருப்பியளித்தது. புகழ்பெற்ற பீரங்கியோடு மகாதுவக்கு எனப்படும் பெருந்துப்பாக்கிகள் இரண்டும் அவற்றுள் அடங்கும். பத்திரிகைகள் பீரங்கியைப் பற்றியே மிகுதியும் எழுதின என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

பிரித்தானியர் காலத்தில் துவக்கு வேட்டைக்காரனின் பெருமையாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தீவின் கிழக்குக் காடுகளிலும் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர், பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவரிடம் செய்வித்த றைபிள் 21 இறாத்தல் நிறையுடையது. செல்வன் தன் உடலை அளந்து கொடுத்துத் துவக்கைச் செய்விக்கலாம். எழுதுகருவி வாங்குவதுபோல் கடையில் கிடைத்ததை வாங்கிய கமக்காரனுக்கு அவ்வாய்ப்பில்லை; யாருடைய தோளுக்கோ செய்த பிடங்கில் அவன் தன் தோளை வைக்கவேண்டியிருந்தது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச்சட்டம் அவன் துவக்கை அனுமதிப்பத்திரத்தின்கீழ்க் கொண்டுவந்தது. அரசு எண்ணிட்டுப் பதிந்தது இரும்பையே. மரத்தைப் பற்றி அது கவலைகொள்ளவில்லை.

ஆனால் படைத்துறை கவலைகொண்டது. எங்கள் பெற்றோர் தலைமுறை பொலிஸாரின் கையில் கண்டு அஞ்சிய 303 றைபிள், லீ-என்பீல்ட் வகையைச் சேர்ந்தது. 1907இல் ஏற்கப்பட்ட அதன் மூன்றாம் மாதிரியில் முன்கட்டையும் பிடங்கும் தனித்தனித் துண்டுகள். எல்லாப் படைவீரரும் ஒரே உயரத்தினரல்லர் என்பதனால் இயல்பான பிடங்கோடு, அரை அங்குலம் நீண்டதும் அரை அங்குலம் குறுகியதும் ஓர் அங்குலம் குறுகியதுமாக வேறு அளவுகளும் செய்யப்பட்டன. பிடங்கினுள்ளே நீண்டதொரு திருகாணி ஓடும். அதன் முனை சதுரமானது. முன்கட்டையின் பின்புறத்திலுள்ள தகட்டில் அது அமர்ந்திருக்கும். முன்கட்டையைக் கழற்றாமல் அத்திருகாணியைத் திருப்பினால், சதுரமுனை தானும் திரும்பி முன்கட்டையைப் பிளந்துவிடும். ஆயிரமாயிரமாகப் பொறியில் வார்த்தெடுத்த கருவியிலும் இறுதிப் பொருத்தம் மாத்திரம் ஆயுதத் திருத்துநரின் உளிக்கும் அரத்திற்குமே விடப்பட்டிருந்தது. அவுஸ்திரேலியாவின் லித்கோ ஆலை வால்நட்டை விடுத்து உள்நாட்டு மென்மரத்திற்கு மாறியபோது, பின்னுதையை மரம் தாங்காமையால் இரும்பு முட்டும் இடத்தில் செப்புத் தகடுகள் பதிக்க நேர்ந்தது. நாடு மாறினால் மரம் மாறும். மரம் மாறினால் பொருத்தமும் மாறவேண்டும்.

இனி எங்கள் ஊர்த் தச்சரிடம் வருவோம். முதற்கட்டை ஏன் பிளந்தது? மரத்தின் குற்றமெனப் பாட்டனார் முதலில் எண்ணினாராம். முதிரை வைரமான மரம், குற்றம் அங்கில்லை. தச்சர் தம் தொழிலுக்குரிய நேர்மையோடு மிக இறுக்கமாகப் பொருத்தியிருந்தார், அதுவே பிழையாயிற்று. பொறியின் இரும்பு வால்போல் நீண்டு பிடங்கின் கழுத்தில் பதியும். வெடிக்கும்போது பின்னோக்கி வரும் உதையைப் பொறியின் அகன்ற முகம் மரத்தின் முழுமுகத்தின்மீதும் சமமாகச் சுமத்தவேண்டும். வாலின் நுனி மட்டும் முதலில் மரத்தை முட்டுமாயின் அது ஆப்பாகிவிடும். விறகு பிளப்பவன் அடிக்கும் ஆப்பிற்கும் இதற்கும் வேறுபாடில்லை. கதவுக்கும் கட்டிலுக்கும் இறுக்கமே அழகு. துவக்கிற்கோ வாலின் பின்னே மெல்லியதோர் இடைவெளி வேண்டும். உதை என்ற ஒன்றைக் கதவு அறியாது.

இரண்டாம் முறை அவர் வேறுவிதமாகத் தொடங்கினார். குப்பிவிளக்கின் புகையில் இரும்பைப் பிடித்துக் கரிபடியச் செய்து, கட்டையில் அழுத்தி எடுத்தார். கரி ஒட்டிய இடம் மேடு. அதனை மாத்திரம் சீவினார். மீண்டும் கரி, மீண்டும் அழுத்தம். முகம் முழுவதும் ஒரே சீராகக் கரி படியும்வரை இரண்டு நாள் சென்றதாம். வாலின் நுனியில் கரி படவே விடவில்லை. ஐரோப்பியத் துவக்குத் தச்சரும் இதே புகைக்கரியைத்தான் பயன்படுத்தினர். எங்கள் தச்சர் அதனை எவரிடமும் கற்றவரல்லர். பிளந்த கட்டையிடம் கற்றார்.

பொருத்தம் இரும்போடு முடிவதுமில்லை. புதிய பிடங்கில் கன்னம் படியும் விளிம்பு உயர்ந்திருந்தமையால் வெடி இலக்கிற்கு மேலே சென்றது. இத்தகைய துவக்கில் பின்குறி இல்லை. சுடுபவனின் கண்ணே பின்குறி. கன்னம் உயர்ந்தால் கண் உயரும். கண் உயர்ந்தால் வெடியும் உயரும். பிடங்கு நீண்டுவிட்டால் தோளுக்கு எடுக்கும்போது அக்குளில் தட்டும். குறுகினால் கைப்பெருவிரல் மூக்கில் இடிக்கும். ஆகவே பாட்டனாரை முற்றத்தில் நிறுத்தி, கண்ணை மூடித் துவக்கைத் தோளில் வைத்துப் பின் கண்ணைத் திறக்கச் சொன்னாராம். குழல் நேராகத் தெரியும்வரை விளிம்பைச் சீவினார். மாரி மழையில் மரம் ஊதாதிருக்க, உட்குழிக்கும் எண்ணெய் பூசினார். வெளிப்புறம் மட்டும் மெருகிட்டு உள்ளே வெறுமரமாக விடுவது பலர் செய்யும் தவறு.

இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் குழல் செய்யாத நிறுவனங்கள் பிடங்கை மட்டும் செயற்கைப் பொருளாலோ ஒட்டுப்பலகையாலோ செய்து விற்கின்றன. வாங்குவோர் வீட்டில் வைத்துப் பூட்டும்போது ஏற்படும் தொல்லைகளும் பெரிதும் புதியனவல்ல. குழல் முன்கட்டையின் ஒரு பக்கத்தை உரசினால் வெப்பமேற ஏறக் குறி விலகும். புதிய கட்டைக்குப் பழைய திருகாணி நீளமாயின் உள்ளே சென்று பொறியின் அசைவைத் தடுக்கும். ஒரு திருகாணியை முற்றாக இறுக்கிய பின்னரே மற்றதைத் தொடுபவர், கட்டை வளைந்திருப்பதை அறியாமல் இரும்பையும் வளைப்பர். கரிக்குப் பதிலாக நீலச்சாயம் வந்துள்ளது. முறை அதுவேயாகும்.

துவக்கு என்றாலே வேறு நினைவுகள் எழும் ஊர் எங்களுடையது. 1997இல் வவுணதீவு இராணுவ முகாம் தாக்கப்பட்டதையும், 2018 நவம்பரில் இங்குள்ள சோதனைச்சாவடியில் பொலிஸார் இருவர் கொல்லப்பட்டு அவர்களின் சுடுகலன்கள் கவர்ந்துசெல்லப்பட்டதையும் நாடறியும். அந்நிகழ்வுகளுக்குரிய வரலாறு எழுதப்படும், எழுதப்படவும் வேண்டும். வயற்காவலுக்கிருந்த துவக்கின் வரலாற்றை எழுதுவதற்கோ ஆவணமில்லை, தச்சரும் இல்லை. சென்ற விடுமுறையில் நெல்லறையைத் துப்புரவாக்கியபோது அக்கட்டையை வெளியே எடுத்து வெயிலில் பார்த்தேன். குழியினுள் விளக்குக்கரி இன்னும் ஒட்டியிருந்தது. தச்சர் பிளந்த கட்டையிலேயே முதலில் சோதித்துப் பார்த்திருக்கவேண்டும்: முகப்பில் கரியே இல்லை, வாலின் நுனி அமர்ந்த இடத்தில், வெடிப்புத் தொடங்கும் புள்ளியில், ஒரு நெல்மணியளவு கறுத்திருந்தது.