மழலையர் வகுப்பில் கைவேலை

மூன்று முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகள் களிமண், காகிதம், ஓலை, மாவு, விதை ஆகியவற்றைப் பிசைந்தும் கிழித்தும் ஒட்டியும் பின்னியும் பொருள் செய்வது மழலையர் கல்வியில் கைவேலை எனப்படும். ஜெர்மனியில் 1837இல் சிறு பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கிய ஃப்ரூபெல், காகிதம் பின்னுவதையும் களிமண் பிசைவதையும் பாடத்தின் நடுவிலேயே வைத்தார். ஆனால் அவர் வழியில் வந்த பள்ளிகள் பலவற்றில் அது சொன்னபடி மடிக்கும் பயிற்சியாகச் சுருங்கிவிட்டது. ஆசிரியர் வெட்டித் தந்த யானைக்குக் கண்ணை மட்டும் பிள்ளை ஒட்டுகிறது. ஆண்டுவிழா வரை சுவரில் தொங்கும் யானை அதன் பிறகு குப்பைக்குப் போகிறது. இந்த யானை பிள்ளைக்கு எதையும் கற்பிப்பதில்லை. செய்த பொருளுக்குப் பிள்ளையின் அன்றாடத்தில் ஒரு வேலை இருந்தால்தான் கைவேலை கல்வியாகும். இதற்குத் தெளிவான சான்று யூத மழலையர் பள்ளிகளில் கிடைக்கிறது. அந்தப் பாடம் தேனி மாவட்டத்துக் கூடலூர் போன்ற ஊர்களுக்கும் பொருந்தும்.

முதல் எபிரேய மழலையர் பள்ளி 1898இல் ரிஷோன் லெசியோனில் தொடங்கியது. வீட்டில் எபிரேயம் பேசாத பிள்ளைகளுக்கு அந்த மொழியையும் மரபையும் கொடுக்க வேண்டிய நிலையில், அப்பள்ளிகள் பண்டிகைகளின் சுழற்சியையே பாடத்திட்டத்தின் முதுகெலும்பாக்கிக்கொண்டன. இன்றும் உலகெங்கும் உள்ள யூத மழலையர் வகுப்புகளில் கைவேலை அந்தச் சுழற்சியை ஒட்டியே நடக்கிறது. பூரீம் பண்டிகைக்குச் செய்யும் கிலுகிலுப்பையைப் பாருங்கள். காகிதத் தட்டை இரண்டாக மடித்து, உள்ளே காய்ந்த பயற்றைப் போட்டு, விளிம்பை ஒட்டி, மேலே வண்ணம் தீட்டுகிறார்கள். எஸ்தரின் கதை வாசிக்கப்படும்போது அதில் வரும் கொடியவனான ஆமானின் பெயர் வரும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெயர் காதில் விழாதபடி அதை ஆட்ட வேண்டும். சரியாக ஒட்டாவிட்டால் பயறு கொட்டிவிடும். பெயர் வரும் இடத்தைக் கவனிக்காவிட்டால் ஆட்டத் தவறிவிடும். கையின் வேலையும் காதின் கவனமும் கதையின் பொருளும் ஒரே பொருளில் கூடிவிடுகின்றன. வெள்ளிக்கிழமை பின்னிச் சுடும் ஹல்லா ரொட்டியும் அப்படித்தான். பிள்ளை பின்னியதை அந்த வாரத்தின் ஓய்வுநாள் விருந்தில் வீட்டாரோடு சேர்ந்து உண்கிறது. ஹனுக்கா பண்டிகைக்குச் செய்த களிமண் விளக்கில் எட்டு இரவுகள் சுடர் ஏற்றப்படுகிறது. இவற்றில் எதுவும் பார்வைக்கு வைப்பதற்காகச் செய்யப்பட்டதன்று.

இந்தியாவில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அதன் அங்கன்வாடிகளைக் கூடலூர் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் இன்னமும் பால்வாடி என்றே பலரும் சொல்கிறார்கள். ஆடிப் பாடி விளையாடு பாப்பா என்ற தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் பாட்டு, கதை, விளையாட்டோடு கைவேலைக்கும் இடம் தருகிறது. கூடலூர்ப் பக்கம் பொருளுக்குப் பஞ்சமே இல்லை: வயல் களிமண், தென்னை ஓலை, வாழைநார், சோளத்தட்டை, இலவங்காய் எல்லாம் காசில்லாமல் கிடைக்கும். அவற்றுக்கு வேலை தரும் ஆண்டுச் சுழற்சியும் இங்கே இருக்கிறது. வழக்கப்படி ஜூன் தொடக்கத்தில், பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லின் முதல் போகத்துக்கு முல்லைப் பெரியாற்று நீர் திறக்கப்படுகிறது. அந்த வாரம் பால்வாடி முற்றத்தில் பிள்ளைகள் களிமண்ணால் வரப்புக் கட்டி, ஒரு சாண் வாய்க்கால் இழுத்து, நடுவில் மடை வைக்கலாம். சொம்பு நீரை ஊற்றி மடையை விரலால் திறந்தால், நீர் பக்கத்துக் கீரைப்பாத்தியில் பாய வேண்டும். வரப்பு உடைந்தால் மறுபடி பிசைந்து அடைக்க வேண்டும். எங்கே தவறு என்று நீரே காட்டிவிடும். தைப்பொங்கலுக்கு முதல் நாள் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் கொத்தாக வாழைநாரில் கட்டி வகுப்பு வாசலில் செருகுவது நான்கு வயதுக் கைக்கு எட்டிய வேலை.

இதற்கு முதல் எதிர்வாதம் கலைக்கல்வியாளர்களிடமிருந்தே வரும். 1938இல் வியன்னாவை விட்டு வெளியேறி அமெரிக்காவில் பணியாற்றிய யூதக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்டு, அச்சடித்த படத்துக்கு வண்ணம் தீட்டவைப்பது பிள்ளையின் சொந்த வெளிப்பாட்டைக் கெடுக்கும் என்று கடுமையாக எதிர்த்தார். அவர் வழியில் சிந்திப்பவர்கள், செய்யும் செயலே முக்கியம், பயன் என்று ஒன்றை முன்வைத்தால் பிள்ளையின் சுதந்திரம் குறையும் என்பார்கள். அச்சடித்த படத்தைப் பற்றி அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் பயன் வேறு, மாதிரி வேறு. கிலுகிலுப்பை ஒலித்தால் போதும், அது எந்த வடிவத்திலும் இருக்கலாம். வாய்க்கால் நீரைக் கொண்டுபோனால் போதும், எப்படியும் வளையலாம். ஒரே மாதிரி முப்பது யானைகளைக் கேட்பது சுவரில் மாட்டும் கண்காட்சிதான்.

பெற்றோரின் மறுப்பு இன்னும் நேரடியானது: பிள்ளை எப்போது எழுதப் போகிறது? விடியும் முன்பே ஜீப்பில் ஏறி ஏலத் தோட்டத்துக்குப் போகிற தாய்க்கு, தன் பிள்ளை அந்த ஜீப்பில் ஏறக்கூடாது என்ற கவலை நியாயமானது. அந்தக் கவலைக்கான விடையும் கைவேலையில்தான் இருக்கிறது. நாரை முடிச்சிடவும் களிமண்ணைக் கிள்ளவும் தேவைப்படும் மூவிரல் பிடியே பின்னர் பென்சிலைப் பிடிக்கிறது. 1939இல் அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றிய கல்வியாளர் மரியா மாண்டிசோரி, எழுதுவதற்கு முன் கை தயாராக வேண்டும் என்பதைத் தம் முறையின் அடிப்படையாகவே வைத்திருந்தார்.

யூதப் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மரபு பொதுவானது, கூடலூர் பால்வாடியில் அப்படி இல்லையே என்று கேட்கலாம். இந்து, முஸ்லிம், கிறித்தவப் பிள்ளைகள் சேர்ந்து உட்காரும் அரசு வகுப்பில் ஒரு மதத்தின் சடங்கைப் பாடமாக்குவது தவறு. இந்த எச்சரிக்கையை ஏற்றே ஆக வேண்டும். எனவே சுழற்சியின் அச்சு வழிபாடாக இல்லாமல் நீரும் விளைச்சலுமாக இருக்க வேண்டும். அதற்கு இந்தப் பள்ளத்தாக்கில் முன்மாதிரி உண்டு. 1895இல் பயன்பாட்டுக்கு வந்த பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் பிறந்தநாளான ஜனவரி 15ஐ இங்குள்ள உழவர்கள் பொங்கல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். கூடலூரை அடுத்த லோயர் கேம்பில் அவருக்கு 2013இல் மணிமண்டபமும் திறக்கப்பட்டது. ஓர் ஆங்கிலேயப் பொறியாளரை வீட்டு மனிதராக நினைக்கும் விழாவில் எந்தப் பிள்ளையும் வெளியாள் ஆவதில்லை.

எடை பார்ப்பது, உணவு, பதிவேடு, கைப்பேசிச் செயலி என்று பணியாளரும் உதவியாளரும் ஏற்கெனவே திணறுகிறார்கள் என்பதே எனக்கு மிகக் கனமாகப் படும் மறுப்பு. சுவர் அலங்காரத்துக்காக இரவில் வீட்டில் உட்கார்ந்து அட்டை வெட்டும் வேலையையாவது இந்த முறை அவர்கள் தலையிலிருந்து இறக்கிவிடும். மீதிச் சுமையைக் குறைக்க வேண்டியது அரசு. வகுப்பில் அவர்களின் கண் தேவைப்படும் இடம் வேறு: மூன்று வயதுப் பிள்ளை பயற்றை மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும். இங்கேயும் கிலுகிலுப்பை செய்தால், உள்ளே விதை போடுவதைப் பணியாளர் தாமே செய்து, மடிப்பதையும் ஒட்டுவதையும் ஆட்டுவதையும் பிள்ளைகளிடம் விட்டுவிட வேண்டும்.