கோவைச் செய்தித் தளக் கைது (2020): காவல் துறையும் உள்ளூர் ஊடகமும்

போத்தனூர், கோயம்புத்தூர் மாநகரின் தென்பகுதியில் உள்ள பழைய ரயில் சந்திப்பு. 1921 நவம்பரில், மாப்பிளா கிளர்ச்சியின்போது கைதான 100 பேரைக் காவல் துறையினர் திரூரிலிருந்து மூடிய சரக்குப் பெட்டி ஒன்றில் ஏற்றி அனுப்பினர். போத்தனூரில் பெட்டியைத் திறந்தபோது 56 பேர் மூச்சுத் திணறி இறந்துகிடந்தனர். பின்னர் இறந்தவர்களையும் சேர்த்தால் பலியானவர்கள் அறுபதுக்கும் மேல். 'வேகன் துயரம்' எனப்படும் இந்நிகழ்வு பத்திரிகைகளில் வந்தது. நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. சென்னை மாகாண அரசு விசாரணைக் குழு அமைத்தது.

காவலில் இருப்பவருக்கு என்ன நேர்கிறது என்பதை வெளியே இருப்பவர் தாமாக அறிய முடியாது. யாராவது எழுதினால்தான் தெரியும். எழுதுபவரே காவல் நிலையத்துக்கு அழைக்கப்பட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி, சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு இதே கோவையில் எழுந்தது.

2020 ஏப்ரல் நிகழ்வு

கொரோனா தொற்றுக்காக 2020 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. அப்போது கோவையிலிருந்து இயங்கும் 'சிம்ப்ளிசிட்டி' என்ற இணையச் செய்தித் தளம் இரண்டு செய்திகளை வெளியிட்டது. ஒன்று, அரசு மருத்துவமனையில் பணியாற்றிய இளம் மருத்துவர்கள் உணவுக்குச் சிரமப்படுவது பற்றியது. மற்றொன்று, நியாயவிலைக் கடைகள் வழியாக நடந்த பொருள் விநியோகத்தில் முறைகேடு என்ற குற்றச்சாட்டு பற்றியது.

மாநகராட்சி உதவி ஆணையர் ஒருவர் காவல் துறையில் புகார் கொடுத்தார். ஏப்ரல் 23 அன்று அத்தளத்தின் செய்தியாளர் ஒருவரும் புகைப்படக் கலைஞர் ஒருவரும் காவல் நிலையத்தில் பல மணி நேரம் வைக்கப்பட்டுப் பின்னர் விடுவிக்கப்பட்டனர். தளத்தின் நிறுவனர் ஆண்ட்ரூ சாம் ராஜா பாண்டியன் கைது செய்யப்பட்டு நீதிமன்றக் காவலில் வைக்கப்பட்டார். பத்திரிகையாளர் அமைப்புகளும் எதிர்க்கட்சிகளும் கண்டனம் தெரிவித்தன. சில நாட்களில் அவருக்குப் பிணை கிடைத்தது.

சட்டப் பிரிவுகள் சொல்வது

அவர்மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் 188, 505(1) ஆகிய பிரிவுகளும், 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டமும் சுமத்தப்பட்டன. 188 என்பது அரசு அலுவலர் முறையாகப் பிறப்பித்த ஆணையை மீறுவது பற்றியது. 505(1) என்பது மக்களிடையே அச்சத்தை உண்டாக்கும் கூற்றை வெளியிடுவது பற்றியது. இதற்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

505ஆம் பிரிவின் இறுதியில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. வெளியிட்டவர், அச்செய்தி உண்மை என்று நம்புவதற்கு நியாயமான காரணம் கொண்டிருந்து, நல்லெண்ணத்துடன் வெளியிட்டிருந்தால் அது குற்றமாகாது. விசாரித்து எழுதும் செய்தியாளருக்கு இதுவே முதல் பாதுகாப்பு. ஆனால் இந்த விதிவிலக்கு பெரும்பாலும் நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும்போதுதான் பேசப்படுகிறது. கைது அதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதில் 188க்கு இணையானது 223ஆம் பிரிவு. 505க்கு இணையானது 353ஆம் பிரிவு. எண்கள் மாறினாலும் குற்றத்தின் தன்மையும் விதிவிலக்கும் தொடர்கின்றன.

புகார் கொடுப்பவர் யார்?

கோவை நிகழ்வில் குறை சொல்லப்பட்ட நிர்வாகத்தின் தரப்பிலிருந்தே புகார் வந்தது. இது புதிதல்ல. 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்தது. அதையொட்டி முதலமைச்சர், ஆட்சியர், காவல் ஆணையர் ஆகியோரைச் சாடிக் கேலிச்சித்திரம் வரைந்த பாலா, ஆட்சியரின் புகாரின்பேரில் நவம்பர் 5 அன்று சென்னையில் கைது செய்யப்பட்டார். திருநெல்வேலி காவல் துறையினர் சென்னைக்கு வந்து அவரை அழைத்துச் சென்றனர். மறுநாள் அவருக்குப் பிணை கிடைத்தது.

இத்தகைய வழக்குகளில் தண்டனை கிடைக்கிறதா என்பது பின்னால் வரும் கேள்வி. காவல் நிலையத்தில் காத்திருக்கும் நேரம், சிறையில் கழியும் நாட்கள், வழக்கறிஞர் செலவு, வாய்தாவுக்கு அலைச்சல் ஆகியவை தீர்ப்புக்கு முன்பே வந்துவிடுகின்றன. பெரிய நாளிதழ்களுக்குச் சட்டப் பிரிவு உண்டு. நான்கைந்து பேர் நடத்தும் உள்ளூர்த் தளத்துக்கு அது இல்லை. மேலும், நாள்தோறும் செய்தி கேட்டுச் செல்ல வேண்டிய அதே காவல் நிலையத்துக்கும் அதே அலுவலகத்துக்கும் உள்ளூர்ச் செய்தியாளர் மறுநாளும் செல்ல வேண்டும். அதனால் ஒரு கைது, அடுத்த பல செய்திகளை எழுதாமலே நிறுத்திவிடக் கூடும்.

நடுவரின் பொறுப்பு

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 22ஆம் உறுப்பு. ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் கைது இயல்பான நடவடிக்கையாக இருக்கக் கூடாது. கைது தேவை என்பதற்கான காரணத்தைக் காவல் துறை எழுத வேண்டும். நடுவர் அதைப் பரிசீலித்த பிறகே காவலில் வைக்க உத்தரவிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் கூறியது. கைது தேவைப்படாதபோது, நேரில் வருமாறு அறிவிப்பு அனுப்பினால் போதும்.

இந்தப் பரிசீலனை நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2018 அக்டோபர் 9 ஓர் எடுத்துக்காட்டு. ஆளுநர் தொடர்பான கட்டுரைகளுக்காக, ஆளுநர் மாளிகையின் புகாரின்பேரில், 'நக்கீரன்' ஆசிரியர் கோபால் சென்னை விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். ஆளுநரின் பணியைத் தடுப்பது தொடர்பான 124ஆம் பிரிவு அவர்மீது சுமத்தப்பட்டது. எழும்பூர் நீதிமன்ற நடுவர் அவரைச் சிறைக்கு அனுப்ப மறுத்தார். அன்றே அவர் விடுதலையானார்.

மாறான எடுத்துக்காட்டும் உண்டு. கோவைக் கைதுக்கு இரண்டு மாதங்களுக்குப் பின், 2020 ஜூன் 19 அன்று, தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் கைப்பேசிக் கடை நடத்திய ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் ஊரடங்கு விதிமீறல் குற்றச்சாட்டில் பிடிக்கப்பட்டுக் காவல் நிலையத்தில் தாக்கப்பட்டனர். அந்த நிலையிலும் அவர்கள் காவலில் வைக்கப்பட உத்தரவானது. சில நாட்களில் இருவரும் இறந்தனர். செய்தி பரவிய பின், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது; விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது.

செய்தியைப் படிக்கும் முறை

ஒரு செய்தியாளர் கைது என்ற செய்தியைப் படிக்கும் மாணவர்கள் நான்கு விவரங்களைத் தேடிப் பார்க்கலாம். புகார் கொடுத்தவர் யார்? எந்தப் பிரிவு, அதற்கு எத்தனை ஆண்டு தண்டனை? கைதுக்கு முன் அறிவிப்பு அனுப்பப்பட்டதா? நடுவர் என்ன காரணம் எழுதி உத்தரவிட்டார்? வெளியான செய்தி சரியா தவறா என்பது தனியே விசாரிக்க வேண்டியது. அது தவறாகவே இருந்தாலும் மறுப்பு வெளியிடக் கோரலாம், அவதூறு வழக்குத் தொடுக்கலாம். கோவையில் மருத்துவர்களுக்கு உணவு கிடைத்ததா, கடைகளில் பொருள் ஒழுங்காக வழங்கப்பட்டதா என்பவை நிர்வாகம் ஆவணங்களைக் காட்டி விடை சொல்லியிருக்கக் கூடிய கேள்விகளே.