தோற்ற கதையை எழுதிவைத்த அமைச்சர்

பதவியில இருந்த ஆட்கள் எழுதின சரித்திரத்தை நாங்கள் எப்பவும் கொஞ்சம் சந்தேகத்தோடதான் வாசிக்கிறம். வென்ற கதை நிறைய இருக்கும், விட்ட பிழை இருக்காது. கொரியாவின் ரியூ சொங்-ரியொங் (1542–1607) இதில் கொஞ்சம் வித்தியாசமானவர்.

அன்றைய ஜோசொன் அரசின் உயர்குடியினரை 'யாங்பான்' என்பார்கள். 'இரு பிரிவு' என்று பொருள். ஒன்று நிர்வாகம், மற்றது படை. ரியூ நிர்வாகப் பக்கத்து ஆள். அறிஞர் யி ஹ்வாங்கிடம் படித்து, 1566இல் அரச பரீட்சையில் சித்தியடைந்து மேலே வந்தவர்.

1590இல் யப்பானுக்குப் போன தூதர்கள் இரண்டு கதையோடு திரும்பினார்கள். போர் வரும் எண்டார் ஹ்வாங் யுன்-கில். வராது எண்டார் கிம் சொங்-இல். கிம், ரியூவின் அணிக்காரர். ஒரே ஆசானிடம் படித்தவரும்கூட. அரசவையில் கிம்மின் பேச்சே எடுபட்டது.

ஆனாலும் 1591இல், ஒரு சிறிய ஊரின் நிர்வாகியாக இருந்த யி சுன்-சினைக் கடற்படைத் தளபதி பதவிக்கு ரியூ சிபாரிசு செய்தார். அடுத்த வருடமே ஹிடெயோஷியின் படை பூசானில் இறங்கியது. ஏறக்குறைய மூன்று கிழமையில் தலைநகர் விழுந்தது. அரசர் சொன்ஜோ வடக்கே ஓடினார். கடலில் யப்பானியரை மறித்தது யி சுன்-சின்தான்.

போர்க்காலத்தில் ரியூ பிரதமருக்குச் சமமான பதவியையும் படைகளின் மேற்பார்வையையும் சேர்த்துச் சுமந்தார். உதவிக்கு வந்த சீனப் படைக்குச் சாப்பாடு தேடுவதும் அவர் தலையில்தான். புதிய பயிற்சிப் படை அமைத்தார். அடிமைகளையும் படையில் சேர்க்கச் சொன்னார். கடைசியில் 1598இல், போர் முடிகிற நேரத்தில், எதிரணியின் குற்றச்சாட்டுகளால் பதவி போனது.

பிறகு மரியாதைகள் திரும்பக் கிடைத்தும் அவர் அரசவைக்குப் போகவில்லை. ஹாஹுவே கிராமத்தில் இருந்து 'ஜிங்பிரொக்' எழுதினார். நடந்ததுக்குத் தன்னைக் கண்டித்து, இனி வராமல் காக்கும் குறிப்பு என்பது அந்தப் பெயரின் கருத்து. கிம் சொன்ன பிழையான கதையையும் அதில் எழுதிவைத்தார். 1695இல் அது கியோட்டோவில் அச்சாகி, படையெடுத்த நாட்டவரே வாசித்தார்கள்.

யி சுன்-சினைச் சிபாரிசு செய்தது தான்தான் என்பதையும் ரியூ அதில் சொல்ல மறக்கவில்லை. ஆகவே முழுக்க நம்புங்கோ எண்டு நாங்கள் சொல்லவில்லை. ஆனால் தன் அணிக்காரனின் பிழையை மூடி மறைக்காமல் எழுதினாரே, அதுக்காகவே அவரை வாசிக்கலாம்.