தொகுப்பறையிலிருந்து வகுப்பறைக்கு: படத்தொகுப்புக் கல்வியின் வரலாறும் பள்ளித் தெரிவும்

முன்னுரை

படத்தொகுப்பாளராக விரும்பும் மாணவர் எந்தத் திரைப்படப் பள்ளியைத் தெரிவு செய்ய வேண்டும் என்னும் வினாவுக்குப் பெரும்பாலும் கட்டணம், கருவிகள், நிறுவனத்தின் புகழ் ஆகியவற்றை வைத்தே விடை தேடப்படுகிறது. இவ்வினாவுக்கு ஒரு வரலாறு உண்டு. பிறர் படம்பிடித்த காட்சித் துண்டுகளை வெட்டி இணைக்கும் உரிமை ஒருவருக்கு எப்போது, யாரால் வழங்கப்பட்டது என்பதே அவ்வரலாற்றின் மையம். சென்னை ஸ்டுடியோக்களின் தொகுப்பறை, தரமணியில் இயங்கும் அரசுத் திரைப்பட நிறுவனம், புனே திரைப்பட நிறுவனம் ஆகியவற்றை இக்கோணத்தில் நோக்கி, இன்றைய மாணவரின் தெரிவுக்கு அவ்வரலாறு தரும் அளவுகோலை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஸ்டுடியோ என்னும் பள்ளி

திரைப்பட நிறுவனங்கள் வேரூன்றுவதற்கு முன்பு தமிழ்த் திரையுலகில் தொகுப்பறையே பள்ளியாக இருந்தது. தொகுப்பாளர்களுக்கு மட்டுமன்றி இயக்குநர்களுக்கும் அதுவே பள்ளி. கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையருள் பஞ்சு, ‘பராசக்தி’ (1952) படத்தைப் பஞ்சாபி என்னும் பெயரில் தொகுத்தவர். அவர்களிடம் உதவித் தொகுப்பாளராகச் சேர்ந்தே ஏ. பீம்சிங் தொழிலைத் தொடங்கினார். கே. சங்கர் தொகுப்பாளராக இருந்து இயக்குநரானவர். எஸ்.பி. முத்துராமன் ஏவி.எம். நிறுவனத்தின் தொகுப்புப் பிரிவிலிருந்து வந்தவர். இத்தனை இயக்குநர்கள் ஒரே வாயில் வழியாக வந்தது தற்செயல் அன்று. எடுக்கப்பட்டதற்கும் எடுக்கத் தவறியதற்கும் இடையிலுள்ள வேறுபாடு முதலில் கண்ணில் படும் இடம் தொகுப்பறைதான்.

அப்பள்ளியின் பாடமுறையைத் தீர்மானித்தது படச்சுருளின் இயல்பு. 35 மி.மீ. சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள். நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. எனவே ஒரு நிமிடக் காட்சிக்கு 90 அடிச் சுருள் வேண்டும். சிமென்ட் கொண்டு ஒட்டிய இணைப்பைப் பிரித்து மீண்டும் ஒட்டினால் சட்டம் வீணாகும். பிழைக்கு விலை இருந்தமையால் புதியவரின் கையில் கத்தரி எளிதில் தரப்படவில்லை. கிளாப் பலகையின் ஓசையைக் கொண்டு ஒலியையும் படத்தையும் பொருத்துதல், விளிம்பு எண்களைப் பதிவேட்டில் குறித்தல், வெட்டி எறியாமல் தொங்கவிட்ட துண்டுகளை வேண்டும்போது நொடியில் எடுத்துத் தருதல் ஆகியவையே உதவியாளரின் பணிகள். மேலோட்டமாகப் பார்த்தால் இவை எடுபிடி வேலைகள். ஆனால் இப்பணிகளைச் செய்துகொண்டே, ஒரு காட்சி ஏன் நீளமாக இருக்கிறது என இயக்குநரும் தொகுப்பாளரும் வாதிடுவதை அவர் நாள்தோறும் கேட்டார். பாடத்திட்டத்தில் எழுத இயலாத பாடம் அது.

அப்பள்ளிக்கு நுழைவுத் தேர்வு இல்லை. அறிமுகமும் உறவும்தாம் தேர்வு. பீம்சிங்கின் மகன் பி. லெனின் தொகுப்பாளரானார், வி.டி. விஜயனுடன் இணைந்து ‘காதலன்’ (1994) படத்துக்காகத் தேசிய விருது பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இலக்கியம் பயின்ற ஏ. ஸ்ரீகர் பிரசாத், தொகுப்புக் கலையைத் தம் தந்தை அக்கினேனி சஞ்சீவியிடம் கற்றார். இவர்களின் திறனில் ஐயமில்லை. ஆயினும் அத்தகைய தந்தை இல்லாதவர்க்கு அவ்வறையின் கதவை யார் திறந்திருப்பர் என்னும் கேள்வியை வரலாற்று மாணவர் தவிர்க்க முடியாது.

நிறுவனங்களின் வருகை

சென்னையில் மத்திய பாலிடெக்னிக்கின் ஒரு பகுதியாக 1945இல் தொடங்கிய திரைப்படத் தொழில்நுட்பக் கல்வியே பின்னர்த் தரமணியில் எம்.ஜி.ஆர். பெயர் தாங்கிய அரசு நிறுவனமாக வளர்ந்தது. தேசிய அளவில், எஸ்.கே. பாட்டீல் தலைமையிலான திரைப்பட விசாரணைக் குழு 1951இல் அளித்த அறிக்கை பயிற்சி நிறுவனத்தின் தேவையை வலியுறுத்தியது. அதன் தொடர்ச்சியாக 1960இல் புனேயில் இந்தியத் திரைப்பட நிறுவனம் தோன்றியது. அது அமைந்த இடம் பிரபாத் ஸ்டுடியோவின் வளாகம். ஒரு ஸ்டுடியோ ஓய்ந்த இடத்திலேயே பள்ளி எழுந்தது என்பதைக் குறித்துக்கொள்ளலாம்.

1964இல் அதே நகரில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது தொகுப்பு மாணவர்க்குக் கிடைத்த பெரும்பேறு. திரையரங்கில் ஒருமுறை பார்ப்பவர் கதையை அறிகிறார். ஒரே படத்தைப் பலமுறை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவரே வெட்டை அறிகிறார். சதீஷ் பகதூர் ‘பதேர் பாஞ்சாலி’யை ஷாட் ஷாட்டாகப் பகுத்துக் கற்பித்த முறை இத்தகைய பார்வைக்குப் பழக்கியது.

எனினும் நிறுவனம் கொண்டுவந்த ஆழமான மாற்றம் வேறு. ஸ்டுடியோ உதவியாளர் பிறர் வாதிடுவதைக் கேட்டார். நிறுவன மாணவர் தாமே வாதிட்டார். இயக்கம் பயிலும் சக மாணவர் எடுத்த படம் அவர் மேசைக்கு வந்தது. இருவரும் ஒரே வயதினர். ஒருவர் மற்றவருக்கு முதலாளி அல்லர். ரேணு சலூஜா இதற்குச் சிறந்த சான்று. 1976இல் புனேயில் பயின்று வெளிவந்த அவர், அங்கு பயின்ற விது வினோத் சோப்ராவின் ‘பரிந்தா’ (1989), குந்தன் ஷாவின் ‘ஜானே பி தோ யாரோ’ (1983) ஆகியவற்றைத் தொகுத்தார். முன்னதற்குத் தேசிய விருதும் பெற்றார். தந்தைவழியோ தொழில்வழியோ வாராத ஒரு பெண்ணுக்கு ஸ்டுடியோ முறை தந்திருக்கக்கூடிய இடத்தைவிட இது பெரிது. புனேயில் பயின்ற மற்றொருவர் பீனா பால். அந்நிறுவனத்தின் முன்னாள் மாணவரும், தமிழில் ‘அக்ரஹாரத்தில் கழுதை’யை இயக்கியவருமான ஜான் ஆபிரகாமின் ‘அம்மா அறியான்’ (1986) அவர் தொகுத்த படம். தரமணியிலும் இத்தகைய கூட்டுறவு உருவானது. திரைப்படக் கல்லூரி மாணவர்களின் படமாக அறியப்பட்ட ‘ஊமை விழிகள்’ (1986) அதன் வெளிப்பாடு. வகுப்பறை நட்பே ஸ்டுடியோ உறவுக்கு மாற்றாயிற்று எனலாம்.

கணினியும் தனிமையும்

1990களில் கணினித் தொகுப்பு தமிழுக்கு வந்தது. அவிட் முறையை இந்தியாவில் முதலில் பயன்படுத்திய படமாக ‘மகாநதி’ (1994) குறிப்பிடப்படுகிறது. வெட்டினால் எதுவும் வீணாகாது என்னும் நிலை உருவானபோது கற்போரின் கை விடுதலை பெற்றது. அதே வேளையில் உதவியாளர் நின்ற இடமும் சுருங்கியது. துண்டுகளைத் தேடித்தர ஆள் வேண்டாதபோது, வாதத்தைக் கேட்டுக்கொண்டு அறையில் நிற்கவும் காரணம் இல்லை. கோப்புகளை ஒழுங்குபடுத்தும் இன்றைய உதவியாளர் வேறோர் அறையிலோ வேறொரு நேரத்திலோ அதைச் செய்துவிட முடிகிறது. ஆகவே ஸ்டுடியோ தந்த கேள்வி அறிவையும் நிறுவனம் தந்த வாத உரிமையையும் சேர்த்துத் தரும் சுமை இன்று பள்ளியின் மீது விழுந்துள்ளது.

தெரிவின் அளவுகோல்

இவ்வரலாற்றின் அடிப்படையில் நோக்கினால், மென்பொருளை மட்டும் கற்பிக்கும் குறுகியகாலப் பயிற்சிகளைப் படத்தொகுப்புக் கல்வி எனக் கருத இயலாது. ஒட்டுக் கருவியைக் கையாளத் தெரிந்தவரை ஸ்டுடியோக் காலத்தில் யாரும் தொகுப்பாளர் என அழைக்கவில்லை. இயக்கம், ஒளிப்பதிவு, ஒலி ஆகிய துறைகள் ஒரே வளாகத்தில் இயங்குகின்றனவா என்பதே முதலில் அறியவேண்டியது. அவை இல்லாத இடத்தில் தொகுப்பு மாணவர் தாம் எடுத்ததையே தொகுக்க நேரும். தாம் எடுத்ததன் மீது ஒருவருக்கு இரக்கம் அதிகம். புனேயின் மூன்றாண்டுப் பட்டயத்துக்கு முன்பே ஒரு பட்டம் வேண்டும். தரமணியிலோ பள்ளிக்கல்வி முடித்தவுடன் நான்காண்டுப் பட்டப்படிப்பில் சேரலாம். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் மாணவர்க்கு இவ்வேறுபாடு, கருவிகளின் புதுமையைவிட முக்கியமானது. தனியார் நிறுவனங்களின் கட்டணத்தைக் கடன் வாங்கிச் செலுத்துவோர், படிப்பு முடிந்தபின்னும் சில ஆண்டுகள் குறைந்த ஊதியத்தில் உதவியாளராக இருக்க நேரும் என்பதைக் கணக்கில் கொள்ளல் வேண்டும்.

உரையாடலின் மூச்சறிந்து வெட்டுவதற்குத் தாய்மொழிச் சூழல் தேவை என்னும் கருத்தும் உண்டு. பல மொழிகளில் பணியாற்றியுள்ள ஸ்ரீகர் பிரசாத்தின் தொழில்வாழ்வு அதனை முழுமையாக ஏற்கவிடாது. எனினும் தொடக்கநிலை மாணவர்க்கு அது புறந்தள்ளத்தக்கதன்று.

விளக்கக் கையேடுகளில் இவற்றுக்கு விடை கிடைப்பதில்லை. பள்ளியை நேரில் காணச் செல்லும் மாணவர், இறுதியாண்டுப் படம் ஒன்றின் முதல் தொகுப்பையும் முடிந்த வடிவத்தையும் அடுத்தடுத்துத் திரையிடுமாறு கேட்கலாம். இரண்டுக்கும் இடையில் எத்தனை வடிவங்கள் இருந்தன, ஆசிரியர் அவற்றுள் எத்தனையை மாணவருடன் அமர்ந்து பார்த்தார் என்பதை, அதைத் தொகுத்தவரிடமே வினவி அறியலாம்.