பிச்சாவரம்

பிச்சாவரம்: கடலூர் மாவட்டத்தில் கிள்ளைக்கு அருகே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகத்தில் உள்ள அலையாத்திக் காடு. பரப்பு ஏறத்தாழ 1,100 ஹெக்டேர்; நீர்க்கால்வாய்கள் இதை ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு திட்டுகளாக அறுத்துப் போட்டிருக்கின்றன. 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. சிதம்பரம், அண்ணாமலை நகர்க் குடும்பங்களுக்கு விருந்தாளி வந்தால் நடராசர் கோயிலுக்கு அடுத்து நினைவுக்கு வரும் இடம் இதுதான்.

தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகப் படகுத்துறையில் துடுப்புப் படகும் மோட்டார் படகும் கிடைக்கும். மோட்டார் படகு அகலமான நீர்ப்பரப்போடு நின்றுவிடும். குழந்தைகளோடு போகிறவர்கள் துடுப்புப் படகில் ஏறுவதே நல்லது. குறுகிய கால்வாய்க்குள் அது நுழைந்ததும் மேலே கிளைகள் கூரையாகக் கவிந்துகொள்ளும், வெயில் துண்டு துண்டாகத்தான் விழும். சுரபுன்னையின் தாங்கு வேர்கள் வளைந்து நீரில் ஊன்றியிருக்கும். வெண்கண்டலின் மூச்சுவேர்களோ சேற்றிலிருந்து பென்சில்களை நட்டுவைத்ததுபோல் நிமிர்ந்து நிற்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரமும் இங்கு உண்டு. அழகென்று அதன் கிளையை ஒடிக்கக்கூடாது. பால் கண்ணில் பட்டால் கடும் எரிச்சல் தரும்.

எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’ (1975) படத்தின் சில காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டவை. 2004 சுனாமியில் காட்டின் பின்னிருந்த சில ஊர்களில் சேதம் குறைவு. பறவை பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்றது. வெயில் ஏறுமுன் துறைக்குப் போய்விட வேண்டும்.