கோட்டா: ஒரு சொல்லும் இரு நினைவுகளும்

ஒரே சொல் ஒரு சாராருக்கு மூடப்பட்ட கதவையும் மற்றொரு சாராருக்குத் திறக்கும் கதவையும் குறிக்குமாயின், அவ்விரு சாராரும் உரையாடுவது எங்ஙனம்? 1969ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரக் கல்லூரியின் கறுப்பின மாணவரும் யூத மாணவரும் எதிர்கொண்ட வினா இதுவேயாம். ‘கோட்டா’ என்பதே அச்சொல்.

முதலில் யூதரின் நினைவை நோக்குவோம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த யூதரின் பிள்ளைகள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிற் பெருந்தொகையினராகச் சேரலாயினர். 1922இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத் தலைவர் லோவெல், யூத மாணவர் தொகையை நூற்றுக்கு 15 என மட்டுப்படுத்த முனைந்தார். அத்திட்டம் வெளிப்படையாக ஏற்கப்படவில்லை. எனினும் ‘குணநலன்’, ‘பிரதேசப் பரம்பல்’ ஆகிய அளவுகோல்களினூடாக அந்நோக்கம் பின்னர் நிறைவேறிற்று. கொலம்பியாவும் அவ்வழியே சென்றது. அந்நாட்களில் யூத இளைஞருக்குப் புகலிடமாயமைந்தது, 1847இல் நிறுவப்பட்டதும் கல்விக் கட்டணம் அறவிடாததுமான நகரக் கல்லூரியாகும். போலியோத் தடுப்பு மருந்தை உருவாக்கிய ஜோனாஸ் சோல்க் இங்கு பயின்றவரே. பிறப்பை நோக்காது புள்ளியை நோக்கும் அனுமதிமுறை, யூதருக்கு அநீதிக்கெதிரான கேடயமாக விளங்கிற்று.

கறுப்பினத்தவரின் நினைவோ வேறு. அக்கல்லூரி அமைந்திருந்தது ஹார்லத்தில். சுற்றிலும் கறுப்பின மக்கள் வாழ்ந்திருக்க, வகுப்பறைகளில் அவர்தம் பிள்ளைகள் மிகச் சிலரே காணப்பட்டனர். வசதி குன்றிய பாடசாலைகளிற் பயின்றோர் உயர்ந்த புள்ளிகளைப் பெறுதல் அரிதாகும். யூதருக்குக் கேடயமாயிருந்த அதே புள்ளி, இவர்களுக்குத் தடைச்சுவராயிற்று.

1969 ஏப்ரல் 22ஆம் திகதி கறுப்பின மாணவரும் புவேர்ட்டோ ரிக்கோ மாணவரும் இணைந்து, கல்லூரியின் தென் வளாகத்தைக் கைப்பற்றி ஐந்து கோரிக்கைகளை முன்வைத்தனர். நகரின் உயர்நிலைப் பாடசாலைகளில் தம்மினத்தவர் பெறும் விகிதம் புதுமுக மாணவரிடையேயும் பிரதிபலித்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. யூதருட் பலர் இதிற் கண்டது பழைய கோட்டாவின் நிழலையே. வெள்ளையின மாணவருட் சிலர் போராட்டத்தை ஆதரித்தனராயினும் மே மாதத்திற் கைகலப்புகள் மூண்டன, மண்டபமொன்று தீக்கிரையாயிற்று. முன்னர் அலபாமாவிற் கறுப்பினக் கல்லூரியொன்றின் தலைவராயிருந்த கல்லகர், நகரக் கல்லூரித் தலைவர் பதவியைத் துறந்தார்.

இருதரப்பாரும் கூறியவை உண்மையே. ஆயின், எவர் அதிகம் துன்புற்றார் என்னும் வாதத்திற்கு முடிவேது? ஒரு பகுதி மாணவரைப் புள்ளி நோக்காது அனுமதிக்கும் இணக்கத் திட்டமும் ஆசிரியப் பேரவையில் நிராகரிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் நகர உயர்கல்விச் சபை வேறொரு வழியைக் கண்டது. நகரில் உயர்நிலைப் பாடசாலைக் கல்வியை முடித்த ஒவ்வொருவருக்கும், நகரப் பல்கலைக்கழகத்தின் ஏதேனுமொரு கல்லூரியில் இடமளிக்க அது தீர்மானித்தது. 1970இல் ஏறக்குறைய 35,000 பேர் புதிதாகச் சேர்ந்தனர். கறுப்பினத்தவர் மட்டுமன்றி, இத்தாலிய, ஐரிஷ், யூதக் குடும்பத்துப் பிள்ளைகளும் இதனாற் பெரும்பயன் எய்தினர்.

இம்முடிவை உரையாடலின் கனியெனக் கொள்வது மிகையாகும்; அரசியல் நெருக்குதலுக்கும் அதிற் பெரும் பங்குண்டு. எனினும் ‘எவருடைய இடத்தை எவருக்கு அளிப்பது’ என்ற வினா, ‘இடங்களைப் பெருக்குவது எவ்வாறு’ என மாறியபோதே முட்டுக்கட்டை நீங்கிற்று என்பது கவனத்திற்குரியது.

இடங்களைப் பெருக்கப் பணம் வேண்டும். நகரின் நிதி நெருக்கடியை அடுத்து 1976இல் கல்விக் கட்டணம் விதிக்கப்பட்டது. இலவசக் கல்வியால் முன்னேறிய ஒரு சமூகத்தின் பின்னே மற்றொரு சமூகம் நுழைந்து ஆறாண்டுகளே கடந்திருந்தன. 1999இல், பின்தங்கியோருக்கான ஆயத்த வகுப்புகளை நான்காண்டுக் கல்லூரிகளிலிருந்து அகற்றவும் முடிவாயிற்று. இடங்கள் அருகுங்கால் நியாயமான இரு நினைவுகள் ஒன்றுக்கொன்று பகையாகின்றன. அவ்வேளை மாணவர் தம்முள் வினவவேண்டியது, இடங்களை அரிதாக்கியவர் யாவர் என்பதையேயாம்.